மேல்விஷாரத்துத் தோல் வணிகர்

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் சாலையில் உள்ள மேல்விஷாரத்தில், நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938) அவர்களின் பெயர், குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பெயரைப் போலவே உரிமையோடும் பக்தியோடும் இன்றும் உச்சரிக்கப்படுகிறது.

அவரை உயர்த்திய தோல் வியாபாரம் எளிதன்று. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்த தோலை, இடித்த ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, பின் கடுக்காய் நீரில் நனைத்து, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தினால், வெளிர்மஞ்சள் நிறத்தில், விரலுக்குள் மடங்கும் மென்மையோடு அது கைக்கு வரும். அந்தச் சரக்கு சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக லண்டன் வரை சென்றது. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இதுவே வேண்டுமென்று ஆங்கில அரசாங்கமே கொள்முதல் செய்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று கைகால் வெந்த தொழிலாளிகளின் சிரமமும் அந்தச் செல்வத்தில் கலந்திருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

ஈட்டியதைப் பூட்டி வைக்கும் சுபாவம் அவரிடம் இருக்கவில்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே, ஊர்விட்டு ஊர் வந்து திகைத்து நிற்கும் பிரயாணிகள் தங்குவதற்கென்று அவர் எழுப்பிய சித்திக் சராய், முன்பின் அறியாதவனையும் அண்டை வீட்டானாகப் பாவித்த மனத்தின் காரியமென்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் வகித்த சென்னை நகர ஷெரீப் பதவியை விட இதுவே அவருக்குப் பெருமை. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1965-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். தோல் பதனிடும் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அதில் படித்துப் பட்டம் பெறுகிறார்கள்.