ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டிய மணிகள்

தீ விபத்துப் பற்றிய செய்திகளில் இறந்தோர் தொகை இருக்கும், சேத விபரம் இருக்கும், மின்னொழுக்கே காரணம் என்ற வழமையான வரியும் இருக்கும். எச்சரிக்கை எத்தனை மணிக்கு யாரைச் சென்றடைந்தது என்ற விபரம் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற வகையில், உயிர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அந்த விபரமே என்று நான் கருதுகின்றேன். ஆதலால் தீ எச்சரிக்கையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் வில்லியம் சானிங் என்பவர் 1845ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். தந்திக் கம்பி வழியாகத் தீச் செய்தியை அனுப்பலாம் என்பதே அது. மோசஸ் பார்மர் என்ற பொறியியலாளருடன் இணைந்து அவர் உருவாக்கிய முறை 1852 ஏப்ரல் மாத இறுதியில் இயங்கத் தொடங்கியது. தெருப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் அப்பெட்டியின் இலக்கம் தலைமைக் காரியாலயத்திற்குச் செல்லும். அங்கிருந்து நகரின் மணிகள் மின்சாரத்தால் அடிக்கப்படும். அடிகளை எண்ணித் தீ எப்பகுதியில் என்று மக்கள் அறிந்துகொள்வர். மணிகள் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் ஒலித்திருந்தால் அந்த எண்ணிக்கையே குழம்பிப் போயிருக்கும். ஒருங்கிசைவு என்ற தேவை அன்றே பிறந்துவிட்டது.

ஆனால் கருவி இருந்தும் பயனற்றுப்போகும் வேளைகள் உண்டு. பொய்யான அழைப்புகளைத் தடுப்பதற்காகப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன. 1872 நவம்பர் 9ஆம் திகதி பொஸ்டனை எரித்த பெருந்தீயில் எச்சரிக்கை தாமதமானதற்கு அந்தப் பூட்டும் ஒரு காரணமாயிற்று. சிக்காகோவின் இரோகுவா அரங்கிலோ எச்சரிக்கைப் பெட்டியே இருக்கவில்லை. 1903 டிசம்பர் 30ஆம் திகதி அங்கு தீப்பற்றியபோது அரங்கப் பணியாளர் ஒருவர் தீயணைப்பு நிலையத்திற்கு ஓடிச் சென்றே அறிவிக்க நேர்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தப் பழைய தந்தி வலையமைப்பு விட்டுச் சென்ற பெரும் பாடம் ஒன்றுண்டு. கம்பியில் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால் ஓட்டம் நிற்கும். பழுது உடனே தெரியவரும். இன்று கட்டடங்களில் காணும் ஒலிப்பான்களும் மின்வெட்டு விளக்குகளும் இதே தத்துவத்தில்தான் கண்காணிக்கப்படுகின்றன. சாதாரண வேளையில் சிறு மின்னோட்டம் எதிர்த் திசையில் சென்று, கம்பியின் கடைசியில் உள்ள மின்தடையைக் கடந்து திரும்புகின்றது. தீயின்போது திசை மாறி, முழு மின்னழுத்தமும் பாய்ந்து கருவிகள் ஒலிக்கின்றன. ஆகவே கம்பி ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்து, வெட்டப்பட்டு, மறுமுனையாக வெளியேற வேண்டும். வெட்டாமல் ஒரே திருகாணியில் சுற்றிவிட்டாலோ, இடையில் கிளை பிரித்தாலோ, ஒரு கருவி கழன்றுவிட்டாலும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது. எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

செவிப்புலன் அற்றோருக்கு ஒலியால் பயனில்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பின்னர் ஒளி எச்சரிக்கை பரவலாயிற்று. அதனுடன் புதியதொரு சிக்கலும் வந்தது. ஒரு விளக்கு விநாடிக்கு ஒருமுறை வெட்டினால் தீங்கில்லை. பல விளக்குகள் ஒரே பார்வைக்குள் வெவ்வேறு கணங்களில் வெட்டினால், அவை சேர்ந்து கண்ணைத் தாக்கும் வேகம் பன்மடங்காகும். ஒளியினால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது ஆபத்து. 1997 டிசம்பர் 16ஆம் திகதி ஜப்பானில் போக்கிமோன் தொலைக்காட்சித் தொடரின் வேகமான சிவப்பு நீல ஒளிவெட்டுகளைப் பார்த்த 685 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டமை அந்த ஆபத்தை உலகிற்கு உணர்த்தியது.

ஆகவே விளக்குகள் ஒன்றாக வெட்டுமாறு இசைவிக்கப்படுகின்றன. கம்பியின் மின்சாரத்தை ஒரு கண நேரம் துண்டித்து மீண்டும் வழங்கும் சைகையே அவற்றுக்குத் தாளம். இச்சைகை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், வெவ்வேறு நிறுவனத்தின் கருவிகளை ஒரே கம்பியில் கலந்தால் இசைவு கெட்டுவிடும். ஒலிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அரை விநாடி ஒலி, அரை விநாடி அமைதி என மூன்று தடவை. மூன்றாம் ஒலியின் பின் ஒன்றரை விநாடி அமைதி. 1987இல் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்ட இதன் பொருள் ‘வெளியேறு’ என்பதே.

புலம்பெயர் தேசங்களின் தொடர்மாடிகளில் வாழும் வாசகர்கள் இந்த மூன்று ஒலிகளையும் கேட்டிருப்பார்கள். சமையற் புகையாக இருக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருப்பார்கள். பொஸ்டன் மக்கள் மணியடியை எண்ணினார்கள், எண்ணியபடி நடந்தார்கள். மணி எவ்வளவு பிழையின்றி ஒலித்தாலும் கேட்பவர் எழுந்து நடந்தால்தான் அது எச்சரிக்கையாகும்.