ஹாண்டில் மாற்றிய சைக்கிளில் ‘ஒரிஜினல்’ எது?

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த சைக்கிள்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து காசு போட்டு, அந்தக் குவியலுக்குள் இருந்து ஒரு மவுண்டன் சைக்கிளை இழுத்தெடுத்தோம். உருக்குப் பிரேம், 26 அங்குலச் சில்லு, பெருவிரலால் தள்ளி கியர் மாற்றுகிற சின்ன லீவர். 90களின் தொடக்கத்தில் செய்ததாக இருக்கும் என்றார் கடை பாஸ். எங்கள் எல்லாரையும்விட மூத்தது.

பிரேமில் ஒரு குறையும் இல்லை. ஹாண்டில்தான் பிரச்சினை. நேரான, ஒடுங்கிய கம்பி. அதைப் பிடிக்க முதுகை மடித்து முன்னுக்குச் சாய வேணும். கலஹா சந்தியில் இருந்து கண்டி ரவுணுக்குப் போய்வந்தால் மணிக்கட்டு விறைத்துவிடும், கழுத்து நோகும். ஹாண்டிலை மாற்றுவோம் என்று ஒருத்தி சொன்னதும் எங்களுக்குள்ளேயே சண்டை தொடங்கியது. “முப்பது வருஷம் ஒரிஜினலா இருந்த சாமான். நாங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள். நாங்களே பழசைக் கெடுக்கிறதா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எங்களுக்குச் சைக்கிள் ஞாபகம் வந்ததே எப்போது? 2022இல். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசை. வீட்டுப் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கண்டி போன்ற ஏற்ற இறக்க ஊரில் அதுவரைக்கும் சைக்கிள் என்றால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். அந்த வருஷம் அது திரும்ப வாகனமாகியது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் மெல்ல மெல்லப் பின்பக்கத்துக்கே போயின. எங்களுக்கு மட்டும் அந்த ஆசை போகவில்லை.

சரி, ‘ஒரிஜினல்’ மவுண்டன் சைக்கிள் எங்கே, எப்படிப் பிறந்தது? கதை அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மரின் என்ற பகுதியில் தொடங்குகிறது. 1970களில் அங்கே சில இளைஞர்கள் பழைய சாமான் கடைகளில் ஷ்வின் கம்பனி 1930களிலும் 40களிலும் செய்த பாரமான, பருத்த ரயர் சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். மட்காட்டைக் கழற்றி எறிந்தார்கள். அகலமான ஹாண்டில் பூட்டினார்கள். பிரேக்குக்கு மோட்டார் சைக்கிள் லீவர். ஒரு சைக்கிளின் கியரை இன்னொன்றில் பொருத்தினார்கள். இப்படி ஒட்டுப்போட்ட வண்டிகளில் மலைப்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள்.

1976 அக்டோபர் 21ஆம் திகதி அவர்களின் முதல் ‘ரீபேக்’ போட்டி நடந்தது. சுமார் 2 மைல் தூரத்தில் ஏறக்குறைய 1,300 அடி கீழே இறங்குகிற மண் பாதை. பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கிற பழைய பிரேக், அந்த இறக்கத்தில் சூடேறிச் சில்லுக் குடத்துக்குள் இருந்த கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். கீழே வந்ததும் புதுக் கிறீஸ் அடைக்க வேணும். ‘ரீபேக்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

அடுத்த வருஷம், 1977இல், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு பிரேம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்று ஒரு கம்பனி தொடங்கினார்கள். பிரேம் செய்து கொடுத்தவர் டொம் ரிச்சி. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற மொடலை ஜப்பானில் செய்வித்து விற்பனைக்கு விட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் இதே அச்சில் இலட்சக்கணக்கில் செய்தன. கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இழுத்தெடுத்தது அந்தப் பரம்பரையில் வந்த ஒன்று.

ஆக, மவுண்டன் சைக்கிளின் மூதாதையே ஹாண்டில் மாற்றிய ஒரு பழைய சைக்கிள்தான்!

வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலைகள் ‘மலைக்கு நேரான ஹாண்டில்தான்’ என்று தீர்மானித்த பிறகும் சிலர் அதற்குக் கட்டுப்படவில்லை. ஜாக்கி ஃபெலன் என்ற பெண் 1983, 84, 85 என்று மூன்று வருஷம் அமெரிக்க மலைச் சைக்கிள் சாம்பியன். அவரது சைக்கிளைச் செய்தவர் சார்லி கன்னிங்ஹாம். அதில் இருந்தது றேஸ் சைக்கிள்களில் வருகிற, கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில். இதே ஃபெலன் பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘பெண்கள் மலைச் சைக்கிள் மற்றும் தேநீர்ச் சங்கம்’. தேயிலை விளைகிற மலையில் இருந்து இதை வாசித்த எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மலையகத்தில் இருந்து வந்த எங்கள் சிநேகிதி மட்டும், “தேத்தண்ணி எங்கட, மலை எங்கட, சைக்கிள் மட்டும் அவங்கட” என்றாள். அவளுடைய தோட்டத்தில் லயத்துக்குப் போகிற வழி முழுக்கப் படிக்கட்டு. அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேணும்.

1990இல் ஜோன் டோமக் என்ற வீரர் வளைந்த ஹாண்டிலோடு மலைப் போட்டிகளில் ஓடினார். அதே காலத்தில் அவர் தார் வீதிப் போட்டிகளிலும் ஓடிக்கொண்டிருந்தவர். பிரிட்ஜ்ஸ்டோன் கம்பனி 1992இல் ‘எக்ஸ்.ஓ.-1’ என்று ஒரு சைக்கிள் விட்டது: மவுண்டன் சைக்கிள் அளவுச் சில்லு, மேலே மீசை மாதிரி வளைந்த ஹாண்டில். அதற்குப் பெயரே ‘மீசை ஹாண்டில்’தான். சந்தையில் பெரிதாக ஓடவில்லை. 1994இல் பிரிட்ஜ்ஸ்டோன் தன் அமெரிக்கச் சைக்கிள் கிளையையே மூடிவிட்டது. இன்றைக்கு அந்த மொடலைத் தேடி அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது விளையாட்டுக்காக மாற்றியவர்களின் கதை. தேவைக்காக மாற்றியவர்கள் இவர்களைவிட அதிகம். 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூ போரில், பிரெஞ்சுப் படைக்கு எதிராகப் போரிட்டவர்களுக்குச் சாமான் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று சைக்கிள். ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் நீளமான மூங்கில் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே திருப்பினார்கள். ஒரு சைக்கிள் 200 கிலோ வரை சுமந்தது. ஏறி ஓட வேண்டாம், சுமந்தால் போதும் என்ற நிலை வந்ததும் ஹாண்டிலின் உருவமே மாறிவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கண்டி ரவுணுக்குள் நடந்து பாருங்கள். லொத்தர் விற்பவரின் சைக்கிளில் ஹாண்டிலுக்கு மேலே ஒரு பலகை. அதுதான் அவர் கடை. செவ்விளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஹாண்டில் ஒரு தள்ளுகம்பி. இவர்கள் யாரும் தங்கள் சைக்கிள் ஒரிஜினலா என்று கவலைப்பட்டதில்லை.

இனி யாழ்ப்பாணம். எங்களில் ஒருத்தியின் ஊர் அது. 1990இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு, குடாநாட்டுக்குள் பெற்றோல், டீசல், பற்றரி எதுவும் போகாதபடி தடை. மின்சாரமும் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சைக்கிள். பெண்களும் பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சைக்கிளில்தான் போனார்கள். இரவில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். “கண்டி ரவுணுக்குள்ள நான் சைக்கிள் ஓடினா எல்லாரும் திரும்பிப் பாக்கினம். எங்கட ஊரில அம்மம்மா ஓடினாலும் ஒருத்தரும் பாக்கமாட்டினம்” என்பாள் எங்கள் சிநேகிதி. அந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் இத்தனை வருஷங்கள் இருக்கின்றன.

அங்கே ஓடியவை பெரும்பாலும் றலி, ஹம்பர், பிறகு லுமாலா. ஹாண்டில் இரண்டு பக்கமும் ஓடுபவரை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும். இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய ‘நோர்த் ரோட்’ என்ற சைக்கிள் கழகத்தின் பெயர்தான் இந்த வளைவுக்கு இன்றும் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து நெடுநேரம் ஓடலாம், தட்டையான நிலத்துக்குப் பொருத்தம். அப்போதுதான் எங்களுக்கு யோசனை வந்தது. இந்த ஹாண்டிலைக் கண்டிச் சைக்கிளுக்குப் போட்டால் என்ன?

சிநேகிதியின் வீட்டு விறாந்தையில் அவள் அப்பாவின் பழைய றலி நிற்கிறது. போன் எடுத்துக் கேட்டாள். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “அதில கை வைக்காத பிள்ளை. தொண்ணூற்றி அஞ்சில உன்ர அப்பம்மாவைக் கொண்டு வந்த சைக்கிள்.”

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட கதை உங்களில் பலருக்குத் தெரியும். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அசைய முடியாத நெரிசல். அந்தக் கூட்டத்துக்குள் கரியரில் தாயையும் ஹாண்டிலில் இரண்டு பையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்.

“சரியப்பா, அந்த ஒரிஜினல் ஹாண்டிலை நாங்கள் தொடேல்ல” என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். “உது எங்க பிள்ளை ஒரிஜினல்? அது அண்டைக்கே பாலத்தடியில வளைஞ்சு போச்சு. உது சாவகச்சேரியில பழைய சாமானா வாங்கிப் பூட்டினது. அதுக்குப் பிறகு முன் பிரேக் ஒருநாளும் ஒழுங்கா பிடிச்சதில்ல.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, தொடக்கத்தில் போட்ட சண்டை அந்த இடத்தில் முடிந்துபோனது. அவர் இத்தனை வருஷமாகப் பாதுகாத்தது கடையில் இருந்து வந்த அந்தச் சைக்கிளை அல்ல. வளைந்து, மாற்றப்பட்டு, திரும்பப் பூட்டப்பட்ட சைக்கிளை. அந்த இரவுக்கு எழுத்தில் இல்லாத ஒரு சாட்சி அந்த மாற்று ஹாண்டில். ஜோ பிரீஸ் 1977இல் செய்த முதல் சைக்கிள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. நல்ல விஷயம். எங்கள் ஆட்களின் சைக்கிள் விறாந்தையில் நிற்கிறது. கேட்டால்தான் அதன் கதை வரும். கேட்காவிட்டால் ஒருநாள் இரும்பு விலைக்குப் போகும்.

அவருடையதைத் தொடவில்லை. அதில் இருப்பது கம்பி பிரேக். லீவரும் கம்பியும் ஹாண்டிலோடேயே வருவதால் எங்கள் சைக்கிளுக்கு அது சரிவந்தும் இராது. பாஸிடம் கிடந்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் ஹாண்டிலை வாங்கினோம். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள். மவுண்டன் சைக்கிளில் கைப்பிடி வருகிற இடத்தின் விட்டம் 22.2 மில்லிமீற்றர். பின்னால் வளைந்த ஹாண்டிலிலும் பொதுவாக அதேதான். அதனால் பழைய பிரேக் லீவரும் கியர் லீவரும் அப்படியே ஏறின. றேஸ் ஹாண்டில் என்றால் அது 23.8, லீவர்களையும் மாற்ற வேணும். 1996 அளவில் வந்த வி-பிரேக் உள்ள சைக்கிளில் சாதாரண றேஸ் லீவர் போட்டால் கேபிளைப் போதிய அளவு இழுக்காது, பிரேக் பிடிக்காது. ஹாண்டிலின் நடுப்பகுதி பெரும்பாலும் 25.4, பழைய பிரித்தானியச் சைக்கிள்கள் சிலவற்றில் அதைவிட மெல்லியது. அளக்காமல் வாங்கக்கூடாது. ஹாண்டிலைத் தாங்குகிற ஸ்டெம்மை உயர்த்தும்போது அதில் பொறித்திருக்கிற எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. வளைந்த அலுமினிய ஹாண்டிலை நிமிர்த்திப் பாவிக்கவே கூடாது, சொல்லாமல் முறியும். கேபிள்களும் நீளமாக வாங்க வேணும்.

பலன்? கெட்டம்பேயில் இருந்து வில்லியம் கொப்பல்லாவ மாவத்தை வழியாக ரவுணுக்குப் போக அருமை. மணிக்கட்டு நோ போய்விட்டது, போகிற வழியில் ஆட்களின் முகம் பார்க்க முடிகிறது. ஆனால் ஹந்தானைப் பக்கம் ஏறினால் கதை வேற. உடம்பின் பாரம் பின்னுக்குப் போவதால் முன்சில்லு லேசாகி, செங்குத்தான இடத்தில் நிலத்தை விட்டே எழும்புகிறது. நேரான ஹாண்டிலை ஏன் வைத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் பழைய ஹாண்டிலை எறியவில்லை. துணியில் சுற்றி விடுதிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். எந்த மாதம், எங்கே, என்ன விலைக்கு, ஏன் மாற்றினோம் என்று ஒரு துண்டில் எழுதி அதோடு கட்டியிருக்கிறோம். எங்களுக்குப் பிறகு இந்தச் சைக்கிளை வாங்குகிறவர் கேட்கக்கூடும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் இருந்தால், அதில் எது எப்போது மாறியது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

போன கிழமை சிநேகிதியின் அப்பா எடுத்தார். “என்ன பிள்ளையள், கண்டி ஏத்தத்தில சைக்கிள் ஏறுதே?”

“இல்லையப்பா, பாதியில இறங்கித் தள்ளுறம்.”

“அதுக்கென்ன,” என்றார் அவர். “நாங்களும் தள்ளிக்கொண்டுதானே வந்தனாங்கள்.”