இது யாரு படம்?

'சிலியின் போர்' யாரு படம்னு கேட்டால், பாத்ரிசியோ குஸ்மான் என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒற்றைப் பெயருக்கடியில் எத்தனை பேர் அமுங்கிக் கிடக்கிறார்கள்?

1973, சிலியில் அலெண்டே ஆட்சியின் கடைசி மாதங்கள். பொருளாதார முற்றுகையில் கச்சா ஃபிலிமுக்கே பஞ்சம். பிரான்சிலிருந்து கிறிஸ் மார்க்கர் அனுப்பிய ஃபிலிமை வைத்துக்கொண்டுதான் ஒரு சின்னக் குழு தெருவில் இறங்கியது. கேமரா ஹோர்ஹே ம்யூல்லர். ஒலிப்பதிவு பெர்னார்தோ மென்ஸ். தயாரிப்புப் பொறுப்பு ஃபெதெரிகோ எல்தோன்.

முதல் பாகம் முடிகிற காட்சி இவர்கள் எடுத்ததே அல்ல. ஜூன் 29 அன்று, தோற்றுப்போன ராணுவக் கலகத்தின்போது, தன்னைச் சுடுகிற சிப்பாய்களைப் படம் பிடித்தபடியே செத்துப்போன அர்ஜென்டினக் கேமராக்காரர் லியோனார்தோ ஹென்ரிக்சென் எடுத்தது.

செப்டம்பர் 11 ஆட்சிக்கவிழ்ப்புக்குப்பின் குஸ்மான் தேசிய விளையாட்டரங்கில் கைதி. ஃபிலிம் சுருள்கள் ஸ்வீடன் தூதரக உதவியோடு ரகசியமாகக் கப்பலேறின. கியூபாவில் பெத்ரோ சாஸ்கெல் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைத் தொகுத்தார். 1975க்கும் 1979க்கும் இடையில் மூன்று பாகங்கள் வெளிவந்தன.

ம்யூல்லர் ஒன்றையும் பார்க்கவில்லை. 1974 நவம்பரில் பினோசேயின் ரகசியப் போலீஸ் அவரையும் அவர் துணைவி, நடிகை கார்மென் புவேனோவையும் பிடித்துக்கொண்டு போனது. இருவரும் திரும்பவேயில்லை. படம் ம்யூல்லருக்கே அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது.

'ஆசிரியன் செத்துவிட்டான்' என்று கோட்பாடு பேசுகிறோம். இங்கே நிஜமாகவே உயிரை விட்டவர்கள் கேமராக்காரர்கள். ஆனாலும் திரையிடலுக்கு நாம் அச்சடிக்கிற துண்டறிக்கை, இயக்குநர் பெயரோடு நின்றுபோகிறதே, அது ஏன்?