வன்னி நாட்டிலே துவக்கும் மனைக்காவலும்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியிலே, ஏறக்குறைய 8 மைல் தொலைவில் உள்ளது ஓமந்தை. குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் வன்னிப் பேரூர்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய ஊரிலே ஒரு வீட்டின் வாயிலைக் காப்பது எது? வேலியா, நாயா, அயலவனின் குரலா, சுவரிலே தொங்கும் துவக்கா, அன்றி அரசின் சட்டமா? இவ்வினாவுக்கு வன்னி மக்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டனர். அவ்விடைகளின் வரலாறே வன்னியிலே துவக்கின் வரலாறுமாகும்.

துவக்குக்கு முற்பட்ட காவல்

பழந்தமிழ் நூலோர் அரண்களை வகுத்தவிடத்துக் காட்டரணையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். வன்னியின் பேரரண் அதன் காடே. படையொடு வந்தவனை அது வழி மயங்கச் செய்தது. ஆயினும் அக்காடே குடியானவனுக்குப் பகையுமாயிற்று. யானையும் பன்றியும் விளைபயிரை அழித்தன. கரடி வழிப்போக்கனைத் தாக்கியது. பகைவனைத் தடுத்த அரண் விலங்கைத் தடுக்கவில்லை.

ஆதலின், முள்வேலியும் நாயும் காவற்பரணும் தீயுமே முதற் காவலாயின. 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679ஆம் ஆண்டு தம் தோழர் ஒருவருடன் வடமேற்குக் காடுகளினூடாக அரிப்புக்குத் தப்பிச் சென்றபோது, இரவிலே தீ மூட்டியே விலங்குகளை விலக்கினார். 1681இல் வெளிவந்த அவருடைய நூல், வன்னியை ஆண்ட கைலாய வன்னியனின் நாட்டையும் குறிப்பிடுகின்றது. தீயும் குரலும் தனியொருவனுடைய கருவிகளல்ல. ஒரு பரணிலே கூவினால் மறுபரணிலே எதிர்க்குரல் எழவேண்டும். மனைக்காவல் அக்காலத்திலே ஊர்க்காவலாகவே இருந்தது.

துவக்கின் வருகை

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். அவரொடு திரித் துவக்கும் இங்குப் பரவலாயிற்று. அதனைக் கண்டு அஞ்சிய மக்கள் விரைவிலே அதனைச் செய்யவும் கற்றனர். 1596இல் வெளிவந்த தம் நூலிலே லின்சோட்டன் என்னும் ஒல்லாந்தர், இந்நாட்டுக் கொல்லர் செய்த துவக்குக் குழல்களின் அழகையும் ஒளியையும் வியந்து பாராட்டியுள்ளார். அந்நியர் கொணர்ந்த கருவி ஒரு நூற்றாண்டு கழியுமுன்னரே உள்நாட்டுக் கம்மாலையின் தொழிலாயிற்று.

எனினும் அந்நாளிலே துவக்கு குடியானவன் வீட்டுப் பொருளன்று. அது தலைவனுடைய பொருள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆனால் வன்னியர்கள் திறையாக யானைகளைக் கொடுக்க உடன்பட்டும், உடன்பட்டதை நிறைவேற்றாது தட்டிக்கழித்தும், தம் காட்டிலே தாமே ஆண்டனர். குடிகளின் காவல் வன்னியனின் கடமையாக இருந்தது. ஆயுதமும் ஆணையும் ஒரே கையில் இருந்தமையே அக்காலத்தின் இயல்பு.

அந்நிலை 1803இலே முடிவுற்றது. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். ஆங்கிலேயப் படையினர் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினர். ஒற்றோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் அவனைத் தோற்கடித்தான். அச்செய்தியைப் பொறித்த நடுகல் ஒட்டுசுட்டானை அடுத்த அவ்விடத்திலே நாட்டப்பட்டது.

இதனைத் தமிழகத்து நிகழ்ச்சியோடு ஒப்புநோக்குதல் தகும். 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1801 டிசெம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவ் ஒரு பறைசாற்றுதலால் பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்கவும் மக்களின் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். பாக்குநீரிணையின் இருகரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தது ஒன்றே: காவற்கடமை தலைவன் கையைவிட்டு அரசின் கைக்கு மாறிற்று. ஆனால் அவ்வரசு தொலைவிலே இருந்தது. யானையோ வேலிக்கப்பால் நின்றது.

எத்துவக்கு ஏற்றது?

இவ்விடைவெளியிலேதான் துவக்கு குடியானவனின் வீட்டுக்குள் நுழைந்தது. எத்தகைய துவக்கை அவன் தேர்ந்தான் என்பது ஆராயத்தக்கது.

திரித் துவக்குக்கு எப்போதும் எரியும் திரி வேண்டும். சிக்கிமுக்கிக்கல்லாலே தீப்பொறி எழுப்பும் துவக்கு அக்குறையை நீக்கியது; ஆனால் மாரி ஈரத்திலே அது பொய்த்துவிடும். 1807இல் அலெக்சாந்தர் போசைத் என்னும் ஸ்கொத்லாந்து மதகுரு அடிபட்டால் வெடிக்கும் இரசாயனப் பொருளைத் துவக்குக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் வழியே வந்த சிறு செப்புத் தொப்பி மழைக்காலத்திலும் துவக்கை நம்பத்தக்கதாக்கிற்று. பின்னர், அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின், குழலைப் பின்புறமாக முறித்துத் தோட்டா இடும் துவக்குகள் பரவின.

வன்னியிலே இருவகை நிலைத்தன. ஒன்று, குழலின் வாய்வழியே வெடிமருந்தும் ஈயமும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் துவக்கு. இதனை மக்கள் ‘இடியன்’ என்பர். மற்றையது, தோட்டாவிட்டுச் சுடும் சொட்கன். அதனுள்ளும் ‘12 போர்’ எனப்படுவதே பெரிதும் வழங்கியது. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்றின் குறுக்களவே அக்குழலின் வாயளவாகும். அஃது ஏறக்குறைய முக்கால் அங்குலம்.

இடியன் மலிவானது, ஊர்க் கொல்லனே செய்யவும் செப்பனிடவும் வல்லவன். ஆயின் ஒரு முறை சுட்டபின் மறுமுறை சுட நெடுநேரமாகும். மருந்து மிகின் குழலே வெடித்துச் சுட்டவனைக் கெடுக்கும். சொட்கன் விரைவும் உறுதியும் உடையது. ஆயின் விலைமிக்கது, தோட்டாவுக்குக் கடையை நம்பியது. இரண்டுக்கும் பொதுவான நன்மையொன்றுண்டு. சிதறும் சன்னம் ஏறக்குறைய 40 யாருக்கப்பால் வலியிழக்கும். தொலைதூரம் ஊடுருவிச் செல்லும் றைபிள் குண்டு, கிடுகு வேலியும் மண்சுவரும் உடைய ஊரிலே பகைவனைத் தவறின் அயலவனைக் கொல்லும். வீட்டுக்கு வேண்டிய துவக்கு மிக வலிய துவக்கன்று; தன் வேலியோடு நின்றுவிடும் துவக்கேயாம். இதனைக் கமக்காரன் நூலிலே கற்றானல்லன். அயலிலே உறவினர் வாழ்ந்தமையால் அறிந்தான்.

கண்ணில்லாக் காவலன்

துவக்கைத் தேர்வது ஒன்று. அதனை அமைப்பது வேறொன்று. இரவு முழுவதும் விழித்திருக்க இயலாத கமக்காரன் ஒரு வழி கண்டான். விலங்கு வரும் தடத்திலே துவக்கைக் கட்டி, குறுக்கே இழுத்த கயிறு இடறினால் அது தானே வெடிக்குமாறு வைத்தான். இதுவே கட்டுத்துவக்கு.

பரணிலே இருப்பவன் பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்தி அறிவான், கட்டுத்துவக்கு அறியாது. விறகுக்குச் சென்ற பெண்ணும் தேன் எடுக்கச் சென்ற இளைஞனும் தொலைந்த மாட்டைத் தேடிய முதியவனும் அதற்கு ஒன்றே. பெரும்பாலும் காலிலே படும் அச்சூடு பலரை ஊனமாக்கியும் சிலரை மாய்த்தும் உள்ளது. இன்றும் இலங்கையின் உலர்வலய வைத்தியசாலைகளிலே இக்காயங்களுக்குச் சிகிச்சையளிக்கப்படுகின்றது. சட்டம் இதனைத் தடுத்துள்ளது. சட்டம் தடுக்குமுன்னரே அறிவு தடுத்திருக்க வேண்டும். காப்பவன் இல்லாத காவல் காவலாகாது.

சட்டத்தின் நிலை

ஆள்வோர் இந்நாட்டிலே துவக்கை முதலிற் கண்டது வரிப்பொருளாகவே. 1848இல் தேசாதிபதி ரொறிங்ரன் நாய்க்கும் கடைக்கும் விதித்த வரிகளோடு துவக்குக்கும் வரி விதித்தார். அவ்வாண்டு மலைநாட்டிலே எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரிகளும் காரணமாயின. மழைக்கும் விலங்குக்கும் நடுவிலே வாழ்ந்தவனுக்குத் துவக்கு ஆடம்பரமன்று என்பதனை ஆட்சியாளர் உணரவில்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வேறு நோக்குடையது. துவக்கு வைத்திருப்பவன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். மாவட்ட நிருவாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர் அதனை வழங்கினார். பயிர்க்காவலும் உடைமைக்காவலும் தற்காப்பும் தக்க காரணங்களாக ஏற்கப்பட்டன. துவக்கு ஒரு மனிதனின் பெயரோடும் முகவரியோடும் பிணைக்கப்பட்டது.

அதனைப் பயன்படுத்தும் எல்லையை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் வகுக்கின்றன. தன்னுடலையும் பிறருடலையும் உடைமையையும் காக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஆனால் காவலுக்கு வேண்டிய அளவினும் மிகுந்த தீங்கு செய்தலாகாது. அரசின் உதவியை நாடப் போதிய காலம் இருக்குமாயின் அவ்வுரிமை எழாது. இரவிலே கன்னமிட்டுப் புகுபவனை எதிர்க்குமிடத்து உரிமை விரியும். ஓடுகின்ற மாங்காய்த் திருடனிடத்து அது சுருங்கும். ஒவ்வொருவன் இல்லமும் அவனுக்குக் கோட்டையே என்னும் கருத்தை 1604ஆம் ஆண்டின் செமெயின் வழக்கிலே ஆங்கில நீதிமன்றம் நிலைநாட்டியது. அவ்வழக்கே, அரசனின் ஆணையோடு முறைப்படி வரும் அதிகாரிக்கு அக்கோட்டையின் கதவு திறக்கவேண்டும் எனவும் வரையறுத்தது. முதற்பகுதியை நினைப்போர் பலர். இரண்டாம் பகுதியை நினைப்போர் சிலர்.

தென்னிந்தியாவிலே குடகு நாடு ஒரு தனி எடுத்துக்காட்டு. அங்குக் கொடவர் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருக்கும் விலக்குரிமையை 19ஆம் நூற்றாண்டு முதல் உடையர். 2019இல் இந்திய அரசு அதனை 2029 வரை நீடித்தது. கைல்போது என்னும் திருநாளிலே அவர்கள் துவக்கைப் பூச்சூட்டி வழிபடுவர். அங்கு வழக்காறும் அரசும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வன்னியிலே அத்தாங்கல் முறிந்தது.

காவலே வினையான காலம்

1971 ஏப்பிரல் 5ஆம் நாள் தென்னிலங்கையிலே வெடித்த கிளர்ச்சியின்போது, இளைஞர் கையிலிருந்த ஆயுதங்களுட் பல வீடுகளிலிருந்து எடுக்கப்பட்ட சொட்கன்களே. 1980களிலே வடக்கிலும் இயக்கங்கள் அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்குகளைத் தேடி வீடுகளுக்குச் சென்றன. கொடுத்தவன் அரசுக்குக் குற்றவாளி. மறுத்தவன் வந்தவனுக்குப் பகைவன். திருடனை வாயிலில் நிறுத்தவேண்டிய துவக்கு, ஆயுதம் தாங்கியவர்களை வாயிலுக்கு அழைத்துவந்தது. அதே காலத்தில் எல்லைக் கிராமங்களிலே ஊர்காவற்படையினர்க்கு அரசு சொட்கன்களை வழங்கியது. ஊருக்கு ஊர் எதிர்க்குரல் கொடுத்த நிலை மாறி, ஊருக்கு ஊர் துவக்கு நீட்டும் நிலை வந்தது. அப்படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று.

ஓமந்தை இம்மாற்றத்தின் சாட்சி. 1997 மே 13ஆம் நாள் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படையெடுப்பு அதனூடாகவே வடக்கே சென்றது. 1999 நவம்பரிலே போர்முனை மீண்டும் ஓமந்தையை அடுத்தே வந்து நின்றது. 2002இல் போர்நிறுத்தத்தின்பின் வீதி திறந்தபோது அவ்வூர் சோதனைச் சாவடியின் பெயராயிற்று. 2009இல் போர் முடிந்த நாட்களிலே இடம்பெயர்ந்த மக்கள் ஆயிரமாயிரமாக அங்குச் சோதிக்கப்பட்டனர். 2015இலேதான் அச்சாவடி அகற்றப்பட்டது. பீரங்கியும் எறிகணையும் பேசிய நாட்களிலே சொட்கனால் காக்கப்பட்ட வீடு எது? கூரையும் கதவும் இழந்த மனைகளுக்குத் துவக்கு என்ன காவல் செய்யும்?

முடிவுரை

துவக்கு தன்னளவிலே நன்மையுமன்று, தீமையுமன்று என்று கூறி அமைதல் எளிது. வன்னியின் வரலாறு அதனினும் நுட்பமானதொன்றைக் கூறுகின்றது. வீட்டுத் துவக்கு தன் கடமையைச் செய்த காலமெல்லாம் அதனைச் சூழ வேறு மூன்று காவல்கள் நின்றன: சுடுபவனின் கண், அயலவனின் குரல், இருவர்க்கும் மேலாகிய நடுநிலைச் சட்டம். கண்ணை நீக்கியபோது அது கட்டுத்துவக்காகி வழிப்போக்கனை வீழ்த்தியது. அயலவனின் நம்பிக்கை நீங்கியபோது ஊரை ஊருக்குப் பகையாக்கியது. சட்டம் நீங்கியபோது தன்னை வைத்திருந்தவனையே காட்டிக்கொடுத்தது.

ஓமந்தையிலே மக்கள் மீண்டும் குடியேறி வயல் விதைக்கின்றனர், யானைகளும் வருகின்றன. யானைவெடியும் மின்வேலியும் இன்று பழைய தீக்கும் முள்வேலிக்கும் ஈடாக நிற்கின்றன. ஒருவன் இரவிலே கூவும்போது அயல் வீட்டிலிருந்து எதிர்க்குரல் எழுமாயின், அம்மனை காவலுடைய மனையாகும். அக்குரல் எழாத ஊரிலே சுவர்தோறும் துவக்குத் தொங்கினும் உறக்கம் வாராது.