வாயிற்படி வரை சட்டம்

குடிப்பவனைப் பூட்டி வைத்தால் குடி ஒழியுமா? ஒழியும் என்றே நம்பிற்று இங்கிலாந்து! 1898-இல் இயற்றப்பட்ட குடியர் சட்டம், குடிவெறியில் குற்றம் புரிந்தோரையும், ஓராண்டுக்குள் மும்முறை தண்டனை பெற்றும் மீண்டும் குடித்துப் பிடிபட்டோரையும், மூன்றாண்டு வரை சீர்திருத்த இல்லங்களில் அடைக்க வழி செய்தது. அடைபட்டோரில் பெரும்பாலோர் பெண்கள். செலவை ஏற்பது யார் என்ற பூசல் மூண்டது, பயனோ சிறுத்தது. 1921-க்குள் இல்லங்கள் மூடப்பட்டன.

பூட்டு தோற்றது; கட்டாயம் மறையவில்லை. இன்றும் நீதிமன்ற ஆணையால், வேண்டா வெறுப்பாக ஆலோசகர் முன் வந்து அமர்வோர் உளர். அவர்களிடம் பேசுவது எப்படி?

1983-இல் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் வழியொன்று கூறினார்: வாதிடற்க, மாறவேண்டிய காரணத்தைக் குடிப்பவர் வாயாலேயே வரவழைத்திடுக! 'விடு' என்று நாம் வற்புறுத்தினால், 'விடேன்' என்பதற்கே அவர் காரணம் தேடுவார். சொல்லிச் சொல்லி அதையே நம்பவும் செய்வார். 1993-இல் மில்லரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இதை மெய்ப்பித்தது. ஆலோசகர் எவ்வளவு இடித்துரைத்தாரோ, அவ்வளவு மிகுதியாகவே ஓராண்டுக்குப் பின்னும் குடி தொடர்ந்தது.

சட்டம் ஆளை வாயிற்படி வரை கொணரலாம். உள்ளத்தைத் திறப்பது மதிப்பு ஒன்றே. அதை மறுத்துவிட்டு, 'திருந்தவில்லையே' என்று நாம் பழிப்பது முறையாமோ?