மூட்டையும் பொட்டலமும்: கஞ்சாத் தண்டனையின் வரலாறு

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியிலுள்ள வேம்பார், முத்துக்குளிப்பால் பெயர் பெற்ற கடற்கரையைச் சேர்ந்த ஊர். இன்று அக்கடற்கரையின் பெயர், இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபட்ட செய்திகளிலும் அடிபடுகிறது. மூட்டை கடத்துபவனையும், சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்த இளைஞனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? இக்கேள்வி நமக்குப் புதியதன்று.

கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் ஹஷீஷ் ஹராம் என்பதில் நம் முன்னோரான மார்க்க அறிஞர்கள் ஒன்றுபட்டனர், தண்டனையில் வேறுபட்டனர். மது அருந்தியவனுக்குரிய ஹத்துத் தண்டனையே இதற்கும் உண்டு என்றார் இமாம் இப்னு தைமிய்யா. எகிப்தில் வாழ்ந்த மாலிகி அறிஞர் இமாம் அல்-கராஃபியோ, இதற்குத் தஃஸீர் போதும் என்றார். அதாவது, குற்றத்தின் அளவையும் செய்தவரின் நிலையையும் எடைபோட்டு நீதிபதி விதிக்கும் தண்டனை. நம் கடற்கரையில் பரவலான ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடும் தஃஸீரே. பாவம் என்பது ஒன்று. அதற்கு உலகில் எவ்வளவு தண்டனை என்பது வேறொன்று என அவர்கள் பிரித்தறிந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று மறு ஆண்டு அறிக்கை அளித்தது. சுதந்திர இந்தியா 1985இல் போதைப்பொருள் தடைச் சட்டத்தை இயற்றியது. கஞ்சா வைத்திருந்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது அது. சிறு அளவைச் சொந்த உபயோகத்திற்கே வைத்திருந்தவருக்குச் சலுகை இருந்தது; ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர் மீதே சுமத்தப்பட்டது.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் அளவை அடிப்படையாக்கியது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல். 2014இல் சிறு அளவுக்கான சிறை ஓராண்டு வரை என உயர்த்தப்பட்டது. எனினும் கடத்துபவனும் சிக்கியவனும் ஒன்றல்லர் என்ற பாகுபாடு நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றில் பெற்றோர் அறியவேண்டிய பிரிவு ஒன்றுண்டு. போதைக்கு அடிமையானவர், உபயோகம் அல்லது சிறு அளவு தொடர்பான வழக்கில் சிக்கினாலும், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், 64அ பிரிவு வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அப்பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

தண்டனை குறைவதால் ஹராம் ஹலாலாகிவிடாது. ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிப் பிள்ளையை அறைக்குள் மறைத்து வைக்கும் குடும்பம், சட்டமே திறந்து வைத்த வாசலைத் தன் கையால் அடைத்துக்கொள்கிறது. அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அமானிதத்தைப் பேணுவதாகும்.