லண்டன்மீது குண்டு விழுந்த நாட்கள்: ஒரு போர் வியூகத்தின் கதை



எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் யுத்தக் கதை வராமல் இருக்காது. "ஹிட்லர் மட்டும் அப்பிடிச் செய்திருந்தால் லண்டன் விழுந்திருக்கும்" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். இது நாம் வாழும் நகரத்தின் கதை. ஆகவே நான் வாசித்து அறிந்தவற்றை இப்புத்தாண்டு மலரில் தர விரும்புகின்றேன்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. கடலைக் கடந்து பிரித்தானியாவில் படையிறக்குவதானால் முதலில் அதன் விமானப்படையை முறியடிக்க வேண்டும் என்பது ஜேர்மனியரின் கணக்கு. ஓகஸ்ட் 24 தொடக்கம் பிகின் ஹில், கென்லி, ஹோர்ன்சேர்ச் முதலிய விமானத்தளங்களைக் குறிவைத்து அடித்தார்கள். பிரித்தானியாவுக்கு விமானங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. பயிற்சி பெற்ற விமானிகளுக்குத்தான் தட்டுப்பாடு.

அதே 24ஆம் திகதி இரவு லண்டன் நகருக்குள்ளும் குண்டுகள் விழுந்தன. மறுநாள் இரவு பிரித்தானிய விமானங்கள் பேர்லினைத் தாக்கின. ஹிட்லருக்குக் கோபம் தலைக்கேறியது. செப்டெம்பர் 3ஆம் திகதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் கோரிங் கூட்டிய கூட்டத்தில் இரண்டு தளபதிகள் முரண்பட்டனர். லண்டனை அடித்தால் மிச்சமுள்ள பிரித்தானிய விமானங்களும் மேலெழும், அழித்துவிடலாம் என்றார் கெசல்றிங். விமானத்தளங்களை விடக்கூடாது என்றார் ஸ்பெர்லே. கெசல்றிங்கின் பேச்சே எடுபட்டது.

செப்டெம்பர் 7, சனிக்கிழமை பின்னேரம். 300க்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கிழக்கு லண்டன் துறைமுகம் பற்றி எரிந்தது. அந்த ஒரு நாளில் 400 பேருக்கு மேல் மாண்டனர்.

ஸ்பெர்லே சொன்னபடி செய்திருந்தால் ஜேர்மனி வென்றிருக்குமா? வென்றிருக்கும் என்றே பலகாலம் எழுதி வந்தார்கள். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. பிரித்தானிய அணிகள் தேம்ஸ் நதிக்கு வடக்கே பின்வாங்கியிருக்கலாம். ஜேர்மனியரின் சண்டை விமானத்துக்கோ லண்டனுக்கு மேலே ஏறக்குறைய 10 நிமிடம் நிற்கத்தான் எண்ணெய் காணும். என்னுடைய அபிப்பிராயமும் இதுவே. ஆனால் ஒன்று நிச்சயம். விமானத்தளங்களுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தது கிழக்கு லண்டன் சனம்.

செப்டெம்பர் 17இல் ஹிட்லர் படையிறக்கத்தை ஒத்திவைத்தார். குண்டு நிற்கவில்லை. தொடர்ந்து 57 இரவுகள் லண்டனில் விழுந்தது. 1941 மே வரை நாடெங்கும் 40,000 பேருக்கு மேல் இறந்தனர். ஏறக்குறைய பாதிப்பேர் லண்டனில்.

எங்கட ஆக்கள் நிறைய வாழும் ஈஸ்ட்ஹாமுக்குக் கிட்டத்தான் கானிங் ரவுன். அங்கே வீடிழந்த குடும்பங்களை சவுத் ஹோல்ஸ்வில் பள்ளிக்கூடத்தில் இருத்தி, பஸ் வரும், பொறுங்கோ என்றார்கள். செப்டெம்பர் 10 விடியப்புறம் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. அரசாங்கக் கணக்கு 77 பேர். அதைவிடப் பலமடங்கு என்பது ஊர்ச்சனத்தின் நம்பிக்கை. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் தஞ்சமிருந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரியூப் ஸ்ரேசன்களைப் புகலிடமாக்க அரசாங்கம் முதலில் சம்மதிக்கவில்லை. சனங்கள் ரிக்கற் வாங்கிக் கீழே இறங்கினார்கள், மேலே வர மறுத்துவிட்டார்கள். செப்டெம்பர் 27 இரவு எண்ணியபோது 177,000 பேர் அங்கே படுத்திருந்தனர். பிறகுதான் அரசாங்கம் இறங்கிவந்து படுக்கையும் மலசலகூடமும் போட்டது. வளவுள்ளவர்கள் கிடங்கு வெட்டி, தகரம் வளைத்து, மேலே மண் போட்டார்கள். நாங்கள் பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை வைத்த பங்கரும் அதுதானே!

அந்த இரவுகளைச் சிறுவராகக் கண்ட சிலர் இன்றும் இந்நகரில் 90 வயதை எட்டி வாழ்கிறார்கள். அயலில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தச் சித்திரைக்குப் பலகாரத் தட்டோடு பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் கதை கேளுங்கோ. உங்கட பங்கர்க் கதையையும் சொல்லுங்கோ. தளபதிமாரின் வியூகங்கள் நூல்களில் நிறைய இருக்கின்றன. கீழே இருந்தவர்களின் கதைதான் எழுதக் கிடக்கிறது.

அனைவர்க்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.